சூடான பேக்டு சாக்லேட் கஸ்டர்டில் எவ்வளவு கலோரி இருக்கும்? சாக்லேட்டைக் குறைத்தால் போதுமா?

சாக்லேட்டைக் குறைத்தால் கலோரி குறையும்தான். ஆனால் கை வைக்க வேண்டிய இடம் அது இல்லை.

நாலு கப்புக்கு நான் போடும் அளவு இது: க்ரீம் 200 மில்லி, பால் 200 மில்லி, 70 சதவீத டார்க் சாக்லேட் 100 கிராம், நாலு முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை 40 கிராம். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கப்புக்குச் சுமார் 450 கலோரி, கொழுப்பு 35 கிராம். அதில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 20 கிராம். தினம் 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே 22 கிராம் பக்கம்தான். உள்ளங்கையில் அடங்குகிற கிண்ணம் இது!

மொத்தக் கொழுப்பில் பாதிக்கு மேல் க்ரீமிலிருந்து வருகிறது. க்ரீமே இல்லாமல் 400 மில்லியும் பாலாக ஊற்றினால் கப்புக்கு 310 கலோரி, கொழுப்பு 19 கிராம். ஆனால் நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிற அந்தக் கனம் இருக்காது. புரதம் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். 7, 8 கிராம்தான், ஒரு முழு முட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம்.

சர்க்கரையில் ஒரு வசதி உண்டு. சூடாக இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு தூக்கலாகத் தெரியும். உருகிய ஐஸ்க்ரீம் திகட்டுவது அதனால்தான். வெதுவெதுப்பாகச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் 40 கிராமை 25 ஆக்கினாலும் குறை தெரியாது. கப்புக்கு 15 கலோரிதான் மிச்சம், பெரிதாக ஒன்றுமில்லை, சாக்லேட்டின் கசப்பு நன்றாகத் தெரியும் என்பதற்காகவே நான் குறைக்கிறேன்.

அப்புறம், கிண்ணங்களைப் பாதி உயரம் வெந்நீர் ஊற்றிய தட்டில் வைத்துத்தான் 160 டிகிரியில் வேகவிட வேண்டும். முதல் தடவை தண்ணீர் எதற்கு என்று அப்படியே ஓவனில் வைத்தேன். ஓரமெல்லாம் திரிந்து, ஓட்டை ஓட்டையாக, முட்டைப் பொரியல் வாடையோடு வந்தது. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் ஓரம் கருகாமல் நிதானமாக இறுகும். கிண்ணத்தை லேசாக ஆட்டினால் ஓரம் நின்று, நடு மட்டும் தளதளவென்று ஆட வேண்டும். அதோடு எடுத்துவிடுங்கள், மிச்சம் வெளியில் இருக்கும்போதே இறுகிவிடும்.

இப்போதெல்லாம் க்ரீமை நான் குறைப்பதில்லை. அதே கலவையை ஆறு சின்னக் கிண்ணங்களில் ஊற்றிவிடுகிறேன், ஒன்றுக்கு 300 கலோரி. சின்னது சீக்கிரம் வெந்துவிடும், 20 நிமிஷத்திலேயே ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.