மோட்டார்ஹோம் வாங்க சேமநிதியை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. பட்டர்வொர்த்தில் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். கடன் எதுவும் இல்லை. ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) 310,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. மாதம் 1,000 எடுக்கிறேன். மீதிச் செலவைக் கடை வாடகை பார்த்துக்கொள்கிறது. லாரியை மாற்றிக் கட்டிய பழைய மோட்டார்ஹோம் ஒன்று 120,000 வெள்ளிக்கு வருகிறது. அதை வாங்கி மனைவியோடு லெங்கோங், தாமான் நெகாரா, மலாக்கா என்று சுற்ற ஆசை. மனைவிக்கு பூஜாங் பள்ளத்தாக்கையும் பார்க்க வேண்டுமாம். மகன் வேண்டாம் என்கிறான். பணத்தை எடுக்கலாமா?

பதில்: ஐயா, பயணம் போங்கள். உடம்பு ஒத்துழைக்கும்போதே போங்கள். ஆனால் வண்டியை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள்.

55 வயது வரை சேர்ந்த பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது; அதற்குப் பிறகு வேலை செய்து சேர்ந்தது மட்டும் 60 வயதில்தான் கிடைக்கும். ஆனால் அந்தப் பணம்தான் இப்போது உங்களுக்குச் சம்பளம். சேமநிதி 2023க்கு 5.50 விழுக்காடும் 2024க்கு 6.30 விழுக்காடும் ஈவு கொடுத்தது. குறைந்ததையே எடுத்துக்கொள்வோம். 310,000க்கு ஆண்டுக்கு 17,050 வெள்ளி வரும். நீங்கள் எடுக்கும் 12,000 போக 5,050 மிச்சம். 120,000ஐ எடுத்துவிட்டால் இருப்பு 190,000, ஈவு 10,450. வண்டிக்கு ஒரு சொட்டு டீசல் ஊற்றும் முன்பே ஆண்டுக்கு 1,550 வெள்ளி முதல் தொகையிலிருந்து கரையத் தொடங்கிவிடும்.

வாடகை நாளுக்கு 600 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். பத்து நாளுக்கு 6,000. மிச்சப்படும் ஈவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நானாக இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போவேன். இடைப்பட்ட ஆண்டின் ஈவு முதலோடு சேரட்டும். எழுபதைத் தாண்டி மருத்துவச் செலவு வரும்போது அது வேண்டும். ஈவு எப்போதும் இப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. வழக்கமான (ஷரியா அல்லாத) கணக்குக்குச் சட்டம் உறுதி செய்வது 2.5 விழுக்காடு மட்டும்தான். ஈவு குறைந்த ஆண்டில் பயணத்தைத் தள்ளிப்போடலாம். சொந்த வண்டி என்றால் அந்த ஆண்டும் சாலை வரி, காப்புறுதி, டயர் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

லாரி என்பதால் இன்னும் சில விஷயங்கள். பின்பக்கம் இரட்டை டயர் இருந்தால் டோலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம். சரக்கில்லாத எடை 3,500 கிலோவைத் தாண்டினால் கார் ஓட்டும் உங்கள் டி உரிமம் போதாது. 2024 ஜூன் முதல் தீபகற்பத்தில் டீசலுக்குப் பழைய மானிய விலையும் இல்லை. எல்லாவற்றையும்விட, வண்டியின் உடல் மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விபத்து நடந்த பிறகு காப்புறுதிப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

அப்புறம், யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று. நம் தேசியப் பூங்காக்களுக்குள் இந்த வண்டி பெரும்பாலும் போகாது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் வாடகை வண்டியில் கோலா தாஹான் போனோம். தெம்பெலிங் ஆறு குறுக்கே ஓடுகிறது. தாமான் நெகாரா தேசியப் பூங்கா அக்கரையில். சம்பான் படகில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். எங்கள் வெள்ளை வண்டி சக்கரமெல்லாம் செம்மண்ணோடு கரைமேட்டில் நின்றது. மூன்று நாள் அங்கேயே நின்றது, மூன்று நாளுக்கும் வாடகை ஓடியது. ராயல் பெலும் காட்டுப் பூங்காவுக்குப் போனாலும் பண்டிங் படகுத்துறையில் வண்டியை விட்டுவிட்டுப் படகுதான். நம் தெலுக் பஹாங் பூங்காவும் அப்படியே, நடை அல்லது படகு.

அதனால் வண்டி ஓடும் நாள்களுக்கு மட்டும் வாடகை கொடுக்கும்படி பாதையைப் போடுங்கள். லெங்கோங்கில் ஒரு நாள் தங்குங்கள். 1991இல் பேராக் மனிதன் எனப்படும் கற்கால மனிதனின் எலும்புக்கூடு கிடைத்த இடம் அது. 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு. அங்கிருந்து கிரிக், ஜெலி வழியாகக் குவா மூசாங், பிறகு மெராப்போ. கிரிக்-ஜெலி சாலையில் யானைகள் குறுக்கிடும், இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள். மெராப்போ பக்கம் தாமான் நெகாராவின் சுங்கை ரெலாவ் வாசலுக்குச் சாலையிலேயே போகலாம், கோலா தாஹான் போல ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை. அடுத்து மலாக்கா. பழைய நகரத்தின் சந்துகளில் பெரிய வண்டி திரும்பாது, வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கே மழைக்காலம், தவிர்த்துவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் விபத்தானால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும், முன்பணம் எப்போது திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். முதல் தடவை மூன்று நாள் மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்தக் குறுகிய கட்டிலில் உங்கள் வீட்டம்மாவுக்குத் தூக்கம் வருகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பூஜாங் பள்ளத்தாக்குக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஒரு காலையில் சொந்தக் காரிலேயே வீட்டம்மாவை மெர்போக் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். புக்கிட் பத்து பகாட் சண்டியின் (பழங்காலக் கோயிலின்) கல்படிகள் அங்கேயே இருக்கின்றன.