கனநீரைத் தேடிப் போன 9 பேரும் அவர்களைப் பற்றிய படங்களும்

"இரண்டாம் உலகப் போரில் எதிரியின் பகுதிக்குள் ரகசியமாகப் புகுந்து தாக்கிய தன்னார்வ வீரர்களைப் பற்றிய படங்களில், நடந்ததை நேர்மையாகக் காட்டும் படம் எது?" என்பது கேள்வி.

இவ்வகைப் படங்களை நான் சிறுவயதிலிருந்தே பார்த்து வருகிறேன். என் தந்தை மதராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர் மாவட்டத்தில், வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. போர்ப் படம் எதுவானாலும் அவரோடு உட்கார்ந்து பார்ப்பதே எனக்கு வழக்கம். அவர் எந்தக் காட்சியில் நிமிர்ந்து உட்காருகிறார், எந்தக் காட்சியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார் என்பதை வைத்தே எது உண்மை, எது சினிமா என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டேன்.

இந்த வகையில் மிகப் புகழ்பெற்ற படங்கள் பலவும் முழுக் கற்பனைகள். 1961-இல் வந்த 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' காட்டும் தீவு எந்த வரைபடத்திலும் கிடையாது. 1968-இல் வந்த 'வேர் ஈகிள்ஸ் டேர்' படத்தின் மலைக்கோட்டைத் தாக்குதல் எங்கும் நடந்ததில்லை. விறுவிறுப்புக்காக அவற்றைப் பார்க்கலாம், நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் நேர்மையைப் பற்றிக் கேட்டிருப்பதால், உண்மையில் நடந்த ஒரே ஒரு நடவடிக்கையையும் அதைப் பற்றி 17 ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு படங்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நார்வே நாட்டின் வேமோர்க் மின்நிலையத்தில் இருந்த கனநீர்த் தொழிற்கூடத்தின் மீது 1943 பிப்ரவரி 27-ஆம் தேதி நள்ளிரவையொட்டி நடந்த தாக்குதல் அது.

கனநீர் என்பது சாதாரணத் தண்ணீரில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும், எடை கூடிய ஒரு வகைத் தண்ணீர். அதைப் பிரித்தெடுக்க மின்னாற்பகுப்பு, அதாவது தண்ணீரில் மின்சாரம் செலுத்திப் பிரிக்கும் முறை, வேண்டும். மின்னாற்பகுப்புக்கு ஏராளமான மின்சாரம் வேண்டும். ரியூகான் என்னும் சிற்றூருக்கு அருகில், மலையருவியின் நீர்வேகத்தில் மின்சாரம் எடுத்துவந்த நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தின் ஆலையில் அது தாராளமாகக் கிடைத்தது. 1940-இல் ஜெர்மனி நார்வேயைக் கைப்பற்றியபோது அந்த ஆலையும் அதன் கைக்குப் போயிற்று. ஜெர்மானிய விஞ்ஞானிகள் அணு உலைக்காகக் கனநீரைக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அணுகுண்டு செய்துவிடுவார்களோ என்று லண்டனில் கவலை தொடங்கியது. ஜெர்மானியர் அணுகுண்டை நெருங்கவே இல்லை என்பது பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட முடிவு. ஆனால் 1942-இல் அதை அறிந்தவர் யாரும் இல்லை.

நாட்டைவிட்டுத் தப்பி பிரிட்டனுக்கு வந்த நார்வே இளைஞர்கள், லிங்கே கம்பெனி என்று பின்னர் பெயர் பெற்ற படைப்பிரிவில் தாமாக முன்வந்து சேர்ந்து, ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் நால்வர் 1942 அக்டோபரில் ஹார்டாங்கர்விடா என்னும் பனிப் பீடபூமியில் பாராசூட்டில் இறங்கினார்கள். அவர்களைத் தொடர்ந்து நவம்பர் 19-ஆம் தேதி விமானங்கள் இழுத்துச் செல்லும், இன்ஜின் இல்லாத இரண்டு கிளைடர்களில் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். மோசமான வானிலையில் இரண்டு கிளைடர்களும் விழுந்து நொறுங்கின. அவற்றுள் ஒன்றை இழுத்து வந்த விமானமும் மலையில் மோதியது. விபத்தில் உயிர் பிழைத்தவர்களை, சீருடையில் இருந்தவர்கள் என்றும் பாராமல், கமாண்டோக்களைச் சிறைப்பிடிக்காமல் கொல்லச் சொன்ன ஹிட்லரின் ஆணைப்படி ஜெர்மானியர் கொன்றார்கள். ஒரே இரவின் முயற்சியில் இறந்தவர் மொத்தம் 41 பேர். என் தந்தைக்கு இந்தக் கதையில் மிகவும் வலித்த இடம் இதுதான். அவர்களும் சாப்பர்கள் என்று சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

அந்தச் செய்தி கிடைத்த பிறகும் நால்வரும் பீடபூமியை விட்டு நகரவில்லை. கொண்டுவந்த உணவு தீர்ந்துபோய், பனிக்கடியில் தோண்டிக் கலைமான்கள் தின்னும் பாசியை எடுத்து வேகவைத்துத் தின்றார்கள். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு அவர்களின் தலைவர் பவுல்சன் ஒரு கலைமானைச் சுட்டு வீழ்த்தியதால்தான் உயிர் தரித்தார்கள். அதன் இரைப்பையில் பாதி செரித்துக் கிடந்த பாசியைக்கூட வீணாக்காமல் உண்டார்கள். இவ்வகைப் படங்களில் எப்போதும் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும் பகுதி காத்திருப்புதான். ஆனால் இந்த நடவடிக்கையில் துணிச்சலின் பெரும்பங்கு அந்தக் குடிசையில் பட்டினியோடு கழிந்த நான்கு மாதங்களில்தான் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1943 பிப்ரவரி 16-ஆம் தேதி மேலும் அறுவர் குதித்தார்கள். அவர்களின் தலைவர் யொவாகிம் ரோனபெர்க்குக்கு அப்போது வயது 23. பூட்டை அறுக்க ரம்பம் கொண்டுபோனால் சத்தம் கேட்கும் என்று எண்ணி, கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு கடையில் கண்ணில் பட்ட கனத்த இரும்பு வெட்டும் கத்தரியைத் தாமே வாங்கி வந்திருந்தார். ஆலையின் வாயில் சங்கிலி அதனால்தான் ஒரே வெட்டில் அறுந்தது.

ஆலைக்குச் செல்லும் வழி ஒரு தொங்குபாலம். அதில் காவலர்கள் இருந்தார்கள். காவலர்களைக் கொன்று பாலத்தைக் கடப்பது எளிய வழி. ஆனால் ஒரு வெடிச்சத்தம் கேட்டாலும் காவற்கூடம் முழுவதும் விழித்துக்கொள்ளும், பிறகு அக்கம்பக்கத்து மக்கள் பழிவாங்கப்படுவார்கள் என்பதால், ஏறத்தாழ 200 மீட்டர் ஆழமுள்ள மலைப்பிளவுக்குள் இறங்கி, பாதி உறைந்த ஆற்றைக் கடந்து, மறுபக்கச் சரிவில் ஏறி, ஆலைக்குள் போகும் ரயில் பாதையை அடைந்தார்கள். வானொலிக் கருவியைக் காத்த ஒருவரை விட்டுவிட்டு, சென்றவர்கள் 9 பேர். அந்தச் சரிவின் ஒரு பக்கம் யாரும் ஏறவே முடியாது என்று ஜெர்மானியர் நம்பியதால் அங்கே காவல் இல்லை.

ரோனபெர்க்கும் கைசர் என்னும் வீரரும் கம்பிவடங்கள் செல்லும் குறுகிய சுரங்கத்துக்குள் தவழ்ந்து அடித்தளத்தை அடைந்தார்கள். அந்த வழி இருப்பதை அவர்கள் அறிந்ததற்குக் காரணம், அந்த ஆலையை உருவாக்குவதில் பங்காற்றிய லைஃப் ட்ரோன்ஸ்டாட் என்னும் வேதியியல் பேராசிரியர் தப்பி லண்டனுக்கு வந்து திட்டத்தை வகுத்ததுதான். உள்ளே இரவுப் பணியில் ஒரே ஒரு நார்வேத் தொழிலாளி இருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, கனநீரைப் பிரித்தெடுக்கும் 18 கலங்களிலும் வெடிமருந்துப் பொதிகள் பொருத்தப்பட்டன. திட்டப்படி இரண்டு நிமிடம் எரிய வேண்டிய திரியை, வெடிப்பைத் தம் காதால் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதற்காக, ரோனபெர்க் 30 வினாடிக்குக் குறைத்தார்.

திரியைப் பற்றவைக்கப் போகும் நேரத்தில் அந்தத் தொழிலாளி, தம் மூக்குக்கண்ணாடி எங்கோ இருக்கிறது, போர்க்காலத்தில் வேறு வாங்க முடியாது என்று கெஞ்சினார். ரோனபெர்க் வேலையை நிறுத்திவிட்டுத் தேடினார். கண்ணாடிக் கூடு கிடைத்தது, அவரிடம் கொடுத்தார். கூட்டுக்குள் கண்ணாடி இல்லை. மறுபடியும் தேடி எடுத்துக் கொடுத்த பிறகே திரியில் தீ வைத்தார். இதை நான் படித்துச் சொன்னபோது என் தந்தை என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். திரியைக் கையில் பிடித்தவனுக்கு அந்த நேரத்தில் நாக்கு வறண்டு போயிருக்கும், தன் பெயரே நினைவிருக்காது, அப்போது இன்னொருவன் கண்ணாடியைத் தேடியிருக்கிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று வியந்தார்.

வெளியே காவற்கூடத்துக்கு எதிரே, பவுல்சனும் நூட் ஹவுகலிட்டும் இருளில் துப்பாக்கியோடு நின்றிருந்தார்கள். கனத்த சுவர்களுக்குள் அமுங்கிய வெடிப்பு பெரிதாகக் கேட்கவில்லை. ஒரு ஜெர்மானியச் சிப்பாய் விளக்கோடு வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, பனியின் பாரத்தால் கண்ணிவெடி எதுவோ வெடித்திருக்கும் என்று எண்ணியவராக உள்ளே திரும்பினார். விளக்கின் வெளிச்சம் இன்னும் சற்றுத் தாழ்ந்திருந்தால் அவர் சுடப்பட்டிருப்பார். கடைசிவரை ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. ஏறத்தாழ 500 கிலோ கனநீர் சாக்கடையில் ஓடியது. தேடுவதற்கு ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் அனுப்பப்பட்டும் 9 பேரும் தப்பினார்கள். அவர்களில் ஐவர் சீருடையுடனேயே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பனிச்சறுக்கிச் சென்று ஸ்வீடன் எல்லையைக் கடந்தார்கள்.

இப்போது படங்களுக்கு வருகிறேன். 1965-இல் ஆன்டனி மான் இயக்கத்தில் கிர்க் டக்ளஸும் ரிச்சர்ட் ஹாரிஸும் நடித்த 'தி ஹீரோஸ் ஆஃப் டெலிமார்க்' அந்த இடத்திலேயே, அந்தப் பனியிலேயே படமாக்கப்பட்டது. ஆலையும் மலைப்பிளவும் எவ்வளவு அச்சமூட்டுபவை என்பதைக் கண்ணால் உணர அந்தப் படத்தைப் போல வேறில்லை. பின்னர் 1977-இல் அந்தத் தொழிற்கூடக் கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டதால் அந்தக் காட்சிகளுக்கு இன்று தனி மதிப்பும் சேர்ந்திருக்கிறது. ஆனால் கிர்க் டக்ளஸ் ஏற்ற பேராசிரியர் பாத்திரம் கற்பனை. அவருடைய முன்னாள் மனைவியும் காதலும் கற்பனை. ஒரு பெருநடிகரைச் சுற்றிக் கதை நகர வேண்டியிருந்ததால், 23 வயது இளைஞரின் தலைமையில் 9 பேர் ஒருவரையொருவர் நம்பிச் செய்த வேலை, இரண்டு நாயகர்களின் சண்டையும் சமாதானமுமாகச் சுருங்கிவிட்டது.

அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது படகுக் காட்சி. தாக்குதலுக்குப் பின் சில மாதங்களில் ஜெர்மானியர் ஆலையைச் சீர்செய்துவிட்டார்கள். 1943 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் ஊர் மக்கள் இறந்தார்கள். அதன்பின் மீதமிருந்த கனநீரை ஜெர்மனிக்கே கொண்டுபோக முடிவாகி, டின் ஏரியைக் கடக்கும் 'ஹைட்ரோ' என்ற படகில் அது ஏற்றப்பட்டது. அந்தப் படகில் வழக்கம்போல உள்ளூர்ப் பயணிகளும் வருவார்கள். ஹவுகலிட்டும் இரண்டு துணைவர்களும் முந்தைய இரவில் படகின் அடிப்பகுதிக்குள் ஊர்ந்து சென்று, அலாரக் கடிகாரங்களைப் பொருத்திய வெடிமருந்தை வைத்தார்கள். படகுக் காவலாளியிடம், ஜெர்மானிய ரகசியப் போலீசான கெஸ்டபோவிடமிருந்து ஒளிய இடம் தேடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வெளியேறும்போது ஹவுகலிட் அவர் கையைப் பற்றிக் குலுக்கி நன்றி சொன்னார். எச்சரிக்க மட்டும் முடியவில்லை. எச்சரித்தால் செய்தி பரவும், கனநீர் தப்பிவிடும். 1944 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை காலை படகு மூழ்கியது. 14 நார்வே மக்களும் 4 ஜெர்மானியரும் இறந்தார்கள்.

படத்தில் நாயகன் படகில் ஏறி, விளையாட்டு என்று சொல்லிக் குழந்தைகளைப் பின்பக்கத்துக்கு அழைத்துச்சென்று காப்பாற்றுகிறான். அந்தக் காலைப்பொழுதில் அப்படி யாரும் ஏறவில்லை, யாரையும் பின்பக்கம் கூட்டிப் போகவில்லை. தம் சொந்த மக்களே சாவார்கள் என்று தெரிந்து, ஆணை சரியானதுதானா என்று லண்டனைக் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே அவர்கள் அதைச் செய்தார்கள். அந்தப் பாரத்தை வாழ்நாள் முழுவதும் சுமந்தார்கள். பார்வையாளருக்கு ஆறுதல் தருவதற்காகப் படம் அந்தப் பாரத்தை அவர்களின் தோளிலிருந்து எடுத்துவிடுகிறது. இறந்த 14 பேரையும் அது திரையிலிருந்து எடுத்துவிடுகிறது என்பதே என் மனக்குறை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை 1948-இல் நார்வேயும் பிரான்ஸும் சேர்ந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதன் நார்வேத் தலைப்புக்கு 'கனநீருக்கான போராட்டம்' என்று பொருள். நடவடிக்கையில் ஈடுபட்டவர்களில் சிலர் அதில் தங்களாகவே தோன்றி, ஐந்தாண்டுக்கு முன் தாங்கள் செய்ததையே மறுபடி செய்து காட்டினார்கள். ஆவணப்படத்தின் நடை, நட்சத்திரம் இல்லை. அவர்களுக்கு நடிக்கத் தெரியாது, அதனால் முகத்தில் வீரத்தைக் காட்டவும் தெரியவில்லை. பனியில் எப்படி நடக்க வேண்டும், சுமையை எந்தத் தோளில் மாற்ற வேண்டும், கதவோரம் எப்படி நிற்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்ததை உடம்பு செய்கிறது. என் தந்தை தண்ணீர் குடிக்க எழுந்து போகாமல் கடைசிவரை பார்த்த போர்ப் படம் அது ஒன்றுதான். 1965-ஆம் ஆண்டுப் படத்தை அதற்குப் பிறகு பாருங்கள். மலையையும் ஆலையையும் வண்ணத்தில் பார்க்க அது உதவும்.