வைன், புரோட்டான், விண்டோஸ் விளையாட்டுகள்: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. கோத்தகிரியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடையிலும் வீட்டிலும் லினக்ஸ்தான். எனக்குக் கைவந்தவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன். இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வைனை ஒருபோதும் சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு ஓட்டாதீர்கள், திருட்டு நகலோடு என்னிடம் வராதீர்கள். காரணம் கீழே வரும்.

கோத்தகிரி, ஒரு தாய்: கல்லூரியில் படிக்கும் மகன் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருக்கிறான். இப்போது "வைன் போட வேண்டும், புரோட்டான் வேண்டும்" என்கிறான். இது என்ன? கணினிக்குக் கெடுதலா?

கெடுதல் இல்லை, அம்மா. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் பழைய கணினிகளில் கிடையாது. உங்கள் மகன் நல்ல கணினியைக் குப்பைக்கு அனுப்பாமல் காப்பாற்றியிருக்கிறார்.

விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டு, "ஒரு சாளரம் திற", "இந்தக் கோப்பைப் படி", "இந்தப் படத்தை வரை" என்று இயங்குதளத்திடம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது கூப்பிடும் பெயர்களெல்லாம் விண்டோஸுக்கு உரியவை. அந்தப் பெயர்ப்பலகைகளை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பதுதான் வைன். விளையாட்டு கதவைத் தட்டினால், கேட்டதை லினக்ஸிடம் வாங்கிக் கொடுத்துவிடும். நம் ஊர்ச் சந்தையில் படுக மொழி மட்டும் பேசும் பாட்டிக்கும் மேட்டுப்பாளையத்து வியாபாரிக்கும் நடுவே நின்று பேத்தி பேரம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டி சொன்னதை அவள் வியாபாரிக்குப் புரியும்படி சொல்கிறாள், அவ்வளவுதான். "வைன் ஒரு போலியாக்கி அன்று" என்பதே அதன் ஆங்கிலப் பெயரின் விரிவு. ஒரு முழுக் கணினியையே நடித்துக் காட்டும் வேலை அதற்கு இல்லை. விளையாட்டின் கணக்குகளைச் செயலி நேரடியாகவே போடுகிறது. அதனால்தான் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

இந்த வேலை 1993-இல் தொடங்கியது. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் என்பவர் அதை முன்னின்று நடத்துகிறார். 1.0 என்று எண்ணிட்ட முதல் பதிப்பு 2008 ஜூனில்தான் வந்தது. பதினைந்து ஆண்டுகள்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மீது மரியாதை கூடுகிறது. அதன்பிறகும் பெரிய விளையாட்டுகள் தடுமாறின. டைரக்ட்3டி என்ற விண்டோஸின் வரைகலை மொழியை ஓப்பன்ஜிஎல் மொழிக்கு மாற்றுவது மெதுவாக இருந்தது. பிலிப் ரெபோலே என்பவர் தனக்குப் பிடித்த ஒரு விளையாட்டை லினக்ஸில் ஆட ஆசைப்பட்டு, டைரக்ட்3டியை வல்கன் என்ற புதிய மொழிக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற நிரலை எழுதத் தொடங்கினார். வால்வ் நிறுவனம் வைனையும் டிஎக்ஸ்விகேயையும் இன்னும் சிலவற்றையும் ஒன்றாகக் கட்டி 2018 ஆகஸ்டில் தன் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடைக்குள் வைத்தது. அந்தக் கட்டுக்குத்தான் புரோட்டான் என்று பெயர். மகன் விளையாட்டுகளை ஸ்டீமில் வாங்குகிறார் என்றால் வைனைத் தனியாக நிறுவவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கட்டபெட்டு, பிளஸ் டூ மாணவர்: ஸ்டீமில் விளையாடு பொத்தானை அழுத்தினால் "நிறுத்து" என்று மாறுகிறது. இரண்டு விநாடியில் மறுபடியும் "விளையாடு" ஆகிவிடுகிறது. வேறெதுவும் நடப்பதில்லை. மூன்று முறை புதிதாக நிறுவிப் பார்த்துவிட்டேன்.

தம்பி, விளையாட்டை எந்த வட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும்: விண்டோஸ் காலத்து டி டிரைவில்.

சென்ற மழையில் இதே நோயோடு ஒருவர் மடிக்கணினியை பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள் காம்பட்டேட்டா என்று ஒன்று இருக்கும். அதற்குள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதன் எண்ணில் ஓர் அறை. அந்த அறைக்குள் வைன் ஒரு சின்ன விண்டோஸ் வீட்டையே கட்டி வைக்கும். அவருடைய கணினியில் அந்த அறையைத் திறந்தேன். வீட்டின் சுவர் பாதியில் நின்றிருந்தது. டாஸ்டிவைசஸ் என்ற கோப்புறை காலி. அங்கே சி என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்ந்த பெயரில் ஓர் இணைப்பு இருக்க வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவ வட்டில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி வரக்கூடாது என்பது விண்டோஸின் விதி. அவருடைய லினக்ஸ் அந்த விதியை மதித்து இணைப்பை உருவாக்க மறுத்துவிட்டது. லினக்ஸ் விட்டுக்கொடுத்தாலும், அடுத்த முறை விண்டோஸ் அந்த வட்டைச் சோதிக்கும்போது அதைப் பழுது என்று எண்ணித் துடைத்துவிடக்கூடும்.

வட்டின் ஓரத்தில் 120 ஜிபி ஒதுக்கி லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் அமைத்தேன். ஸ்டீமின் சேமிப்பகப் பக்கத்தில் அதைச் சேர்த்து, விளையாட்டை அங்கே நகர்த்தச் சொன்னேன். நகர்ந்து முடிய முக்கால் மணி நேரம். பொத்தானை அழுத்தினார். முதல் முறையே திறந்தது. மழை விட்ட பிறகும் அவர் கிளம்பவில்லை.

நீங்களும் அதையே செய்யுங்கள். பிரிப்பதற்கு முன் முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸும் அதே கணினியில் இருந்தால் அதில் "விரைவுத் தொடக்கம்" வசதியை அணைத்துவிடுங்கள். அது வட்டைப் பாதி உறக்கத்தில் விட்டுவிட்டுப் போவதால் லினக்ஸால் அதில் எழுத முடியாமல் போகும். இத்தனைக்குப் பிறகும் ஓடவில்லை என்றால், தொடக்க விருப்பங்களில் புரோட்டான் பதிவேட்டை இயக்கிவிட்டு ஒரு முறை அழுத்துங்கள். உங்கள் முகப்புக் கோப்புறையில் விளையாட்டின் எண்ணோடு ஒரு பதிவுக் கோப்பு கிடைக்கும். அதை அனுப்புங்கள். "ஓடவில்லை" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து யாராலும் மருத்துவம் பார்க்க முடியாது.

உதகை, கல்லூரி மாணவர்: வாலரண்ட் ஓடுமா?

ஓடாது. அதன் வான்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு நிரல் விண்டோஸின் கெர்னல் என்ற உட்கருவுக்குள்ளேயே போய் உட்காருகிறது. வைன் விண்டோஸின் வாசலைத்தான் கட்டியிருக்கிறது. அடித்தளத்தில் இருப்பது லினக்ஸ் கெர்னல். உட்கார வந்தவருக்கு அங்கே இடமே இல்லை. ஈஸி ஆன்டி சீட், பேட்டில்ஐ ஆகிய வேறு இரு தடுப்பு நிரல்களும் 2021 முதல் புரோட்டானில் இயங்க வழி உண்டு. ஆனால் அந்தந்த விளையாட்டின் நிறுவனம் அனுமதி தர வேண்டும். அபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸை மூடிவிட்டார்கள். தடுப்பை ஏமாற்றும் வித்தைகளை இணையத்தில் தேடாதீர்கள். கணக்கே பறிபோகும்.

மஞ்சூர்: பள்ளியில் தந்த விலையில்லா மடிக்கணினி இன்னும் வைத்திருக்கிறேன். பாஸ் லினக்ஸோடு வந்தது. இதில் ஏதாவது விளையாட முடியுமா?

முடியும், ஆசையை அளவாக வைத்துக்கொண்டால். டிஎக்ஸ்விகேக்கு வல்கன் வேண்டும். இன்டெலின் 2011-ஆம் ஆண்டுச் செயலிகளின் வரைகலைக்கு வல்கன் இல்லை. 2012, 2013-இல் வந்தவற்றுக்கு அரைகுறையாக உண்டு. ஆறாம் தலைமுறையிலிருந்துதான் முழுமையாக நம்பலாம். உங்களுடையது பழையது என்றால், பழைய ஓப்பன்ஜிஎல் வழியில் போகச் சொல்லும் வைன்டி3டி என்ற மாற்றுப் பாதையைப் புரோட்டானிலேயே தேர்ந்தெடுக்கலாம். டைரக்ட்எக்ஸ் 9-உம் அதற்கு முந்தையவையும் அந்தப் பாதையில் நன்றாகவே நடக்கும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம், வைஸ் சிட்டி போன்றவற்றை முயன்று பாருங்கள். பாஸின் பழைய பதிப்பை எடுத்துவிட்டு இன்றைய இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். நினைவகத்தை 8 ஜிபி ஆக்குங்கள். இந்தக் கடிதம் எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஒரு கணினியை இத்தனை ஆண்டுகள் பேணுவது சாதாரண விஷயமில்லை.

கேத்தி: வைன் "இந்தக் கோப்புறை உங்களுக்குச் சொந்தமில்லை" என்று மறுக்கிறது.

எப்போதோ சூடோ போட்டு ஓட்டியிருக்கிறீர்கள். முகப்பில் மறைந்திருக்கும் வைன் கோப்புறை இப்போது நிர்வாகியின் சொத்தாகிவிட்டது. உள்ளே சேமித்த ஆட்டங்கள் எதுவும் இல்லை என்றால் அழித்துவிட்டு, சூடோ இல்லாமல் மறுபடியும் தொடங்குங்கள்.

கூடலூர்: ஆடி மழையில் இரண்டு மூன்று நாள் இணையம் வராது. அப்போது விளையாட முடியுமா?

முடியும், முன்யோசனை இருந்தால். புதிய விளையாட்டை இறக்கியதும் இணையம் இருக்கும்போதே ஒரு முறை திறந்து, முதல் திரை வரும்வரை விடுங்கள். வைன் வீடு கட்டுவதும், துணை நிரல்களை நிறுவுவதும் அந்த முதல் திறப்பில்தான். பிறகு ஸ்டீமை இணையமற்ற நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் புரோட்டான் பதிப்பை மாற்றாதீர்கள். அதையும் இறக்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டில் அதே விளையாட்டு இருந்தால் இரண்டு கணினிகளையும் ஒரே வீட்டு வலையில் இணைத்து ஸ்டீம் வழியாகவே நகலெடுக்கலாம். 2023 முதல் அந்த வசதி உண்டு. 60 ஜிபியை மலை இணையத்தில் இழுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வெலிங்டன்: வாலரண்ட் வைனில் வருமா?

உதகை மாணவருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அருவங்காடு, ஓய்வுபெற்ற தொழிலாளர்: புரோட்டானைப் பாராட்டி எழுதுகிறீர்கள். அதுவே லினக்ஸுக்குக் கேடு என்பேன். ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இயங்குதளம் 1992-லேயே விண்டோஸ் நிரல்களை அருமையாக ஓட்டியது. விளைவு? ஓஎஸ்/2-க்கென்று எழுத யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. அதுவும் போய்ச் சேர்ந்தது. நாளை லினக்ஸுக்கும் அதே கதிதான்.

ஐயா, இத்தனை கடிதங்களில் என்னை எழுந்து உட்கார வைத்தது உங்களுடையது. ஓஎஸ்/2 பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் அது விற்பனைப் பொருள். விலைபோகவில்லை என்றதும் கைவிடப்பட்டது. லினக்ஸை விளையாட்டு விற்று யாரும் வளர்க்கவில்லை.

லினக்ஸுக்கென்றே எழுதும் வழியை நாம் முயலாமலும் இல்லை. 1998-இல் லோக்கி என்ற நிறுவனம் தொடங்கி, பெரிய விளையாட்டுகளை லினக்ஸுக்குப் பெயர்த்து விற்றது. 2002 ஜனவரியில் மூடியது. அது பெயர்த்த விளையாட்டுகள் இன்றைய லினக்ஸில் பழைய நிரல் நூலகங்களைத் தேடிக் கொடுக்காமல் எழுந்திருப்பதில்லை. அதே காலத்து விண்டோஸ் பதிப்புகளில் எத்தனையோ வைனில் ஓடுகின்றன. லினக்ஸில் காலத்தால் மாறாத வாசல் எது என்றால், இன்று அது விண்டோஸின் வாசல்தான்.

இந்தப் பதிலை முன்கூட்டியே அவருக்கு அனுப்பியிருந்தேன். மறுநாளே எழுதினார்: "மாறாத வாசல் என்கிறீர்கள். அபெக்ஸை ஒரே நாளில் மூடினார்களே, அந்த வாசல் எங்கே போனது? வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொந்த வீடு என்று எண்ணாதீர்கள்."

நல்ல அடி. ஆனால் ராக்கெட் லீக் லினக்ஸுக்கென்றே பதிப்பு வைத்திருந்த விளையாட்டு. 2020 மார்ச்சில் அதற்கான இணைய ஆட்டத்தை நிறுத்தினார்கள். அதன்பின் அதை ஆடியவர்கள் புரோட்டான் வழியாகத்தான் ஆடினார்கள். விளையாட்டின் மூலநிரல், அதாவது அதை எழுதிய நிரல் வரிகள், மூடியிருக்கும்வரை சாவி அவர்கள் கையில்தான். பெயர்த்த பதிப்பும் வாடகை வீடுதான், ஐயா.

குன்னூர் ஆசிரியை ஒருவரும் இதில் சேர்ந்துகொண்டார்: "அப்படியானால் கட்டற்ற விளையாட்டுகளைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? என் மாணவர்கள் சூப்பர்டக்ஸ்கார்ட் ஆடுகிறார்கள்."

நியாயமான கேள்வி, அம்மா. 0 ஏ.டி., வெஸ்னாத், சூப்பர்டக்ஸ்கார்ட் ஆகியவற்றின் மூலநிரல் திறந்தே இருப்பதால் சாவி நம் எல்லோரிடமும் இருக்கிறது, வைனும் தேவையில்லை. என் கடைக் கணினிகளில் மூன்றும் உண்டு. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை, நண்பர்கள் ஆடும் அதே விளையாட்டைத்தான் கேட்கிறது. அது கிடைக்காவிட்டால் லினக்ஸையே எடுத்துவிடுகிறது. கிடைத்தால் தங்குகிறது, தங்கியவர்களில் யாரோ ஒருவர் மூலநிரலைத் திறந்து பார்க்கிறார். என் கடையில் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அதனால்தான் நான் புரோட்டான் பக்கம். அருவங்காட்டு ஐயா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது கடிதத்தை எதிர்பார்க்கிறேன்.

மீதிக் கேள்விகள்

எந்த லினக்ஸ் சிறந்தது? (ஆறு பேர்.) கையில் இருப்பதை விடாதீர்கள், வரைகலை இயக்கியைப் புதிதாக வைத்திருங்கள்.

எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கியவை? ஹீரோயிக் என்ற நிரலைப் போடுங்கள்.

பழைய தமிழ்த் தட்டச்சு நிரல் வைனில் ஓடுமா? என் துறை இல்லை. இன்றைய லினக்ஸ்கள் தரும் தமிழ் விசைப்பலகையைப் பயன்படுத்துங்கள்.

வாலரண்ட், ஃபோர்ட்நைட்? (மேலும் ஐந்து பேர்.) ஓடாது, ஓடாது.

பந்தலூரிலிருந்து எழுதியவர், இணையத்தில் கிடைத்த "பூட்டு உடைத்த" விளையாட்டைச் சூடோ போட்டு நிறுவியிருக்கிறார். அதன்பின் கணினி மிகவும் மெதுவாகிவிட்டதாம். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வைன் ஒரு பாதுகாப்புச் சுவர் அன்று. அதன் இசட் டிரைவ் உங்கள் முழு வட்டையும் காட்டுகிறது. விண்டோஸ் நச்சுநிரல் அதன் வழியே உங்கள் குடும்பப் படங்களைப் பூட்டிவிடலாம். சூடோவும் கொடுத்தால் வீட்டுச் சாவி முழுவதையும் கொடுத்த மாதிரி. உங்களுக்கு மட்டும் திருட்டு நகலோடு வர விதிவிலக்கு தருகிறேன். கணினியை மேற்கொண்டு இயக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை முழுவதும் துடைக்க வேண்டியிருக்கும். திங்கள் கடை விடுமுறை. செவ்வாய் காலை வாருங்கள், மின்னூட்டியை மறந்துவிடாதீர்கள்.