மாடல் ரயில் லேஅவுட்டுக்கு (தண்டவாளமும் ஊரும் அமைத்த மாதிரிக் களத்துக்கு) மேசை எப்படிப் போடுவது? ப்ளைவுட் போதுமா, எல் கர்டர் தேவையா?

கேள்வி கேட்டவரிடம் 8க்கு 12 அடியில் ஓர் அறை இருக்கிறது. எச்ஓ ஸ்கேலில், அதாவது 1:87 அளவில், ஆரம்பிக்கப் போகிறார். 4க்கு 8 அடி ப்ளைவுட்டுக்குக் கால் வைத்து அப்படியே மேசையாக்கிவிடலாமா, எல் கர்டர் என்கிறார்களே அது கட்டாயமா, ஃபோம் பலகை தாங்குமா, நாளைக்கு வீடு மாறினால் என்ன செய்வது என்று நான்கு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

மரத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் கை எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பாருங்கள். எட்டித் தொடுவது கணக்கில் சேராது. தடம் புரண்ட பயணிகள் பெட்டி ஒன்றைத் திரும்பத் தண்டவாளத்தில் ஏற்ற முடிகிறதா என்பதுதான் கணக்கு. அந்தப் பெட்டிக்கு அடியில் இரண்டு போகி (சக்கரங்களைத் தாங்கும், திரும்பும் சட்டம்), எட்டுச் சக்கரம். முன் போகியை உட்காரவைத்தால் பின் போகி கோணிக்கொள்ளும். அதை விரலால் நேராக்கும்போது முன்னது மறுபடி இறங்கிவிடும். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்துக்கு உள்பக்கம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கத் தலையைத் தாழ்த்த வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது உங்கள் முழங்கை முன்வரிசையில் நிற்கும் சிக்னல் கம்பத்தின் மேல் இருக்கும். மார்பளவு உயர மேசையில் பெரும்பாலானவர்களுக்கு இந்த வேலை 2 அடிக்குள்தான் நடக்கும். இடுப்பளவு என்றால் குனிந்து இரண்டரை அடி வரை போகலாம். அதைத் தாண்டினால் எதையாவது சாய்த்துவிட்டுத்தான் கை திரும்பி வரும்.

இந்த அளவை வைத்துக்கொண்டு 4க்கு 8 மேசையைப் பாருங்கள். நீளவாக்கில் சுவரை ஒட்டிப் போட்டால் பின்வரிசைத் தண்டவாளம் கிட்டத்தட்ட 4 அடி தள்ளி இருக்கும், எட்டாது. எட்ட வேண்டுமென்றால் நான்கு பக்கமும் ஆள் நிற்க 2 அடியாவது விட வேண்டும். ஆக மேசை 32 சதுர அடிதான், ஆனால் அது கேட்கிற இடம் 8க்கு 12, அதாவது 96 சதுர அடி. உங்கள் அறை மொத்தமும் போயிற்று. சிக்கனமான வடிவம் என்று நினைத்துத்தான் பலர் இதில் தொடங்குகிறார்கள். அறையை அதிகம் தின்பது இதுதான்.

அதே அறையில் இரண்டு நீளச் சுவர்களையும் ஒரு குறுக்குச் சுவரையும் ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில் ‘ப’ வடிவமாகத் தட்டுப் போட்டால் 43 சதுர அடிக்கு மேல் கிடைக்கும். நடுவில் 5 அடி அகலம் காலியாக இருக்கும். இரண்டு பேர் முதுகு உரசாமல் நிற்கலாம், நாற்காலி போடலாம். எந்தத் தண்டவாளமும் ஒன்றரை அடிக்கு மேல் தள்ளி இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. ரயில் நிற்காமல் சுற்றிவர வேண்டும் என்றால் ‘ப’ வடிவம் திறந்த பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். 22 அங்குல ஆரத்தில் திரும்பும் வளையத்துக்கு 4 அடி அகலம் வேண்டும். இரண்டு முனையிலும் அப்படி வைத்தால் 8 அடி அறையில் நுழையவே வழியில்லை. ஆகவே கதவுப் பக்கம் எடுத்து மாட்டும் பாலம் ஒன்று போடுவார்கள். அப்படிப் போட்டால் பாலம் கழன்றிருக்கும்போது அதற்கு முந்தைய மூன்றடித் தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் மின்சாரம் அறுந்துபோகும்படி ஒரு சிறிய சுவிட்ச் வையுங்கள். இல்லையென்றால் ஒருநாள் எஞ்சின் தரைக்குப் பயணம் போகும். பாலத்துக்குப் பதில் குனிந்து நுழைகிற மாதிரி நிரந்தரமாகப் போடுபவர்களும் உண்டு. ஒரு மாலையில் எத்தனை முறை அறையைவிட்டு வெளியே போய்வருகிறோம் என்று எண்ணினால் அந்த ஆசை போய்விடும். எனக்குச் சுற்றி ஓடுவதைவிட ஷண்டிங்தான் பிடிக்கும், பெட்டிகளைப் பிரித்துச் சேர்ப்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். அதனால் முனை திறந்தே இருப்பது எனக்குக் குறையாகத் தெரிவதில்லை. உங்கள் ரசனை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய மேசையில் ஒரு தண்டவாளத்தின் மேல் இன்னொன்று பாலத்தில் போவது மாதிரி திட்டம் போடுகிறீர்களா? ஒரு கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எச்ஓவில் கீழே ரயில் இடிக்காமல் போக, பாலத்தின் கனத்தையும் சேர்த்து ஏறத்தாழ 4 அங்குலம் ஏற வேண்டும். 2 சதவீதச் சரிவில் 4 அங்குலம் ஏற 200 அங்குலம், அதாவது 16 அடி 8 அங்குலம் ஓட வேண்டும். 4க்கு 8 பலகையில் 22 அங்குல ஆரத்தில் ஒரு முழுச் சுற்றின் நீளமே 19½ அடிதான். ஏறி முடிப்பதற்குள் சுற்று முடிந்துவிடும், இறங்க இடமில்லை. சரிவை 4 சதவீதம் ஆக்கலாம்தான். அப்புறம் எஞ்சின் நான்கு பெட்டியை இழுக்கவே திணறும்.

உயரத்துக்கு ஒரே சரியான எண் கிடையாது. எச்ஓவைவிடச் சிறிய என்-ஸ்கேலில், தனித்தனியாகக் கட்டிச் சேர்க்கும் துண்டுகளான மாட்யூல்களுக்கு என்டிராக் என்ற பொது விதிமுறை தண்டவாள உயரத்தை 40 அங்குலம் என்கிறது. ஐரோப்பாவின் ஃப்ரெமோ அமைப்பின் மாட்யூல்களில் அது 1300 மில்லிமீட்டர், அதாவது 51 அங்குலம். இரண்டும் வேலை செய்கின்றன. தாழ்ந்த மேசையில் ஊரை மொட்டைமாடியிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும், குழந்தைகளுக்கும் எட்டும். மார்பளவுக்கு ஏற்றினால் பிளாட்பாரத்தில் நிற்பவர் கண்ணுக்கு ரயில் எப்படித் தெரியுமோ அதற்குக் கிட்ட வரும். ஒன்றரை அடித் தட்டின் குறுகலும் கண்ணில் படாது. நான் 50 அங்குலத்தில் வைத்திருக்கிறேன். அதற்குக் காட்சி பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, கீழே ஸ்டூல் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து வயரிங் செய்யலாம் என்பது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இப்போது எல் கர்டர். அமெரிக்காவின் மாடல் ரெயில்ரோடர் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் 1960களில் பரப்பிய முறை இது. நான்கு அங்குலச் சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் விளிம்பில் இரண்டு அங்குலச் சட்டத்தைப் படுக்கவைத்து ஒட்டித் திருகினால் குறுக்குவெட்டில் எல் எழுத்தைக் கவிழ்த்த மாதிரி வரும். இப்படி இரண்டு கர்டர். முனையிலிருந்து நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளிக் கால்கள். கர்டர்களின் மேல் குறுக்குச் சட்டங்கள். குறுக்குச் சட்டங்களில் சின்னத் தூண்கள் நிறுத்தி, அவற்றின் மேல் தண்டவாளம் போகும் ப்ளைவுட் பட்டை.

வலிமைக்காகத்தான் இதைச் செய்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வலிமை வேறு வழியிலும் வரும். இதன் சூட்சுமம் திருகில் இருக்கிறது. குறுக்குச் சட்டத்தைக் கர்டரோடு பிடிக்கும் திருகு, அந்தப் படுக்கைச் சட்டத்தின் வழியாகக் கீழிருந்து மேலே போகிறது. அங்கே பசை கிடையாது. மேலே தண்டவாளம் போட்டு, மலை கட்டி, புல் ஒட்டி எல்லாம் முடிந்த பிறகு பாயிண்ட் மோட்டார் (ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட்டை அசைக்கும் மோட்டார்) வைக்க வேண்டிய இடத்தில் சரியாகக் குறுக்குச் சட்டம் வந்து நிற்கும் (வந்தே தீரும்). அடியில் போய்த் திருகைக் கழற்றி, சட்டத்தை இரண்டு அங்குலம் தள்ளி, மறுபடி முடுக்கிவிடலாம். மேலே ஒரு புல்கூட அசையாது. ஆணி அடித்தோ பசை போட்டோ கட்டிய மேசையில் இது நடக்காது. நீங்கள் எந்த முறையில் கட்டினாலும் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பின்னால் நகர்த்த வேண்டி வரக்கூடிய எதையும் ஒட்டாதீர்கள், திருகுங்கள், திருகின் தலை கை போகும் பக்கம் இருக்கட்டும்.

உங்கள் ஒன்றரை அடித் தட்டுக்கு முழு எல் கர்டர் தேவையில்லை. நான்கு பக்கச் சட்டமும் 16 அங்குலத்துக்கு ஒரு குறுக்குச் சட்டமுமாக ஏணி மாதிரி ஒன்று செய்து, சுவர் பிராக்கெட்டிலோ காலிலோ உட்காரவைத்தால் போதும். ஓரம் வளைந்து நெளிந்து போகிற பெரிய லேஅவுட்டில்தான் எல் கர்டர் தன் அருமையைக் காட்டும். சட்டத்துக்கு மலிவான மரம் வாங்கி முறுக்கலோடு மல்லுக்கட்டுவதைவிட, முக்கால் அங்குல ப்ளைவுட்டை மூன்றரை அங்குலப் பட்டைகளாக அறுத்து வாங்கிக்கொள்வது நல்லது. நேராக இருக்கும், நேராகவே நிற்கும். கால்களின் அடியில் உயரம் ஏற்றி இறக்கும் போல்ட் வையுங்கள், எந்தத் தரையும் மட்டமாக இருப்பதில்லை.

மேலே ஃபோமா ப்ளைவுட்டா என்றால், நான் இரண்டையும் கலந்துதான் வைத்திருக்கிறேன். இரண்டு அங்குலக் கெட்டி ஃபோம் பலகை எடையே இல்லாதது. ஆற்றையும் பள்ளத்தையும் கத்தியால் தோண்டி எடுக்கலாம், தண்டவாள மட்டத்துக்குக் கீழேயும் நிலம் போகிறது என்பதைக் காட்ட அதைப்போல் எளிய வழியில்லை. உருண்டை உருண்டையாக உதிரும் வெள்ளைத் தெர்மாகோல் வேண்டாம், அதன் குப்பை பாயிண்ட்டுகளுக்குள் போய் உட்காரும். கெட்டி ஃபோமிலும் மூன்று தொல்லை. கரைப்பான் கலந்த பசையும் ஸ்ப்ரே பெயிண்ட்டும் அதை உருக்கிவிடும். இரண்டு ஃபோம் பலகைக்கு நடுவே வெள்ளைப் பசை போட்டால் காற்றுப் படாமல் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அப்புறம், அதில் திருகு பிடிக்காது. பாயிண்ட் மோட்டார் வரும் இடத்தில் முன்கூட்டியே அடியில் ஒரு ப்ளைவுட் துண்டு ஒட்டிவிட வேண்டும். நேராக ஃபோம் மேல் தண்டவாளம் போட்டால் ஓசையும் மேளம்போல் வரும், நடுவில் கார்க் பட்டை போட்டால் கொஞ்சம் அடங்கும்.

தண்டவாளம் நெளிந்துவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பாலும் வெயிலை மட்டும் குறை சொல்வார்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் 10 மீட்டருக்கு 20 டிகிரி மாற்றத்தில் 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நீளும். ஆங்காங்கே மயிரிழை இடைவெளி விட்டால் அது சமாளித்துவிடும். ஈரப்பதத்தில் ஊதி, காய்ந்ததும் சுருங்கும் மரம்தான் பல நேரம் காரணம். மரம் நார் ஓடும் திசையில் அவ்வளவாக மாறாது, குறுக்கேதான் மாறும். ப்ளைவுட்டில் அடுக்குகள் மாறி மாறிப் படுத்திருப்பதால் பிரச்சினை குறைவு. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை கனமும் அதிகம், வெட்டிய விளிம்பில் ஈரம் ஏறினால் உப்பியும்விடும். நான் தொடுவதில்லை.

இனி மேசைக்கு அடியில். இந்தப் பொழுதுபோக்கில் நாம் கழிக்கும் நேரத்தில் பெரும் பங்கு அங்கேதான், ஆனால் படத்தில் யாரும் அதைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் இரண்டு வயர் கீழே இறங்கி மெயின் வயரில் சேர வேண்டும். தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகட்டை நம்பி விட்டால் சில மாதங்களில் ரயில் விட்டு விட்டு ஓடும். மேலே நீங்கள் போட்ட ஓட்டை கீழே சரியாகக் குறுக்குச் சட்டத்தின் ஓரத்தில் வெளிவரும். அண்ணாந்து பார்த்தபடி ஒரு கையில் சால்டரிங் அயர்ன், ஒரு கையில் ஈயக் கம்பி, வயரைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. உருகிய ஈயம் நேராகக் கீழேதான் சொட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அடியில் போகாதீர்கள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் மெயின் வயரை முன்விளிம்புக்கு அருகிலேயே ஓட்டுங்கள். மேலிருந்து வரும் வயரைக் கொஞ்சம் நீளமாக விட்டால் இணைப்பை வெளியே நின்றே செய்யலாம்.

அடியில் காலியாக இருக்கும் இடம் காலியாகவே இருக்காது என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுங்கள். வீட்டுப் பெட்டிகள் வந்து சேரும். அதைத் தடுக்க முடியாது, சக்கரம் வைத்த பெட்டிகளாக இருக்கட்டும் என்று மட்டும் பேசி வைக்கலாம். வயரிங் வேலைக்கு உருட்டி வெளியே தள்ளிவிடுவது எளிது. மேசை போடும் முன்பே கூரைக்கு வெள்ளையடித்து, விளக்கு மாட்டி, தரையைச் சரிசெய்துவிடுங்கள். புல் ஒட்டிய பிறகு கூரையில் சுரண்டினால் ஊர் முழுக்கச் சுண்ணாம்புப் பனி பெய்யும். மாடல் கட்டவும் எஞ்சினைப் பிரிக்கவும் தனியாக ஒரு சின்ன மேசை வேண்டும். இல்லையென்றால் லேஅவுட்டின் ஒரு மூலை பணிமேசையாகி, அந்த ஸ்டேஷனுக்கு ரயிலே வராது. பூனை இருக்கும் வீடென்றால் கதவைச் சாத்துவதைத் தவிர வேறு யோசனை என்னிடம் இல்லை.

வீடு மாறும் வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லியிருப்பதால், ‘ப’ வடிவத்தை ஒரே சட்டமாகக் கட்டாமல் 4 முதல் 6 அடி வரையுள்ள துண்டுகளாகக் கட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் கதவு வழியாகவும் மாடிப்படித் திருப்பத்திலும் போக வேண்டும், இரண்டு பேர் தூக்க வேண்டும். பக்கத்துச் சட்டங்களை கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் ஓட்டை போட்டு போல்ட் மாட்டுங்கள். தனித்தனியாக அளந்து போட்ட ஓட்டைகள் சேராது. பாயிண்ட் எதுவும் இணைப்பின் மேல் வராதபடி திட்டத்தை நகர்த்துங்கள், தண்டவாளம் இணைப்பை நேர்க்குத்தாகக் கடக்கட்டும். அந்த இடத்தில் இரண்டு முனையையும் ப்ளைவுட்டில் பதித்த பித்தளைத் திருகுத் தலையில் சால்டர் செய்து, பிறகு மெல்லிய ரம்பத்தால் அறுத்தால் பிரித்துச் சேர்க்கும்போது நகராது. ஒவ்வொரு இணைப்பிலும் வயருக்கு ப்ளக் வையுங்கள். ஆண் ப்ளக் எப்போதும் இடதுபக்கத் துண்டில் என்று ஒரு விதி வைத்துக்கொண்டு, எந்த நிறம் எதற்கு என்று சட்டத்தின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.