வார்டு கேள்விகள்: சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

கேள்வி: 80 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் ஆக இருக்கிறேன். இன்சுலின் போட்ட பிறகு நோயாளிக்கு லோ சுகர் ஆவது இரண்டு மாதத்தில் மூன்றாவது முறை. முதல் இரண்டு தடவையும் சம்பந்தப்பட்ட நர்ஸுக்கு மெமோ கொடுத்தோம். மூன்றாவது முறை வேறொரு நர்ஸ், நல்ல அனுபவசாலி. எங்கே தப்பு நடக்கிறது?
(அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: மெமோவை ஓரமாக வையுங்கள். முதலில் ஸ்டோர் ரூமுக்குப் போய் சிரிஞ்ச் டப்பாக்களைத் திறந்து பாருங்கள். சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும் கலந்து கிடந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

நம் ஊரில் வழக்கமாக வாங்கும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்ச் சிவப்பு மூடி. இன்சுலின் பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜிலும், கிளார்ஜின் போன்ற நீண்ட நேர இன்சுலினின் சில குப்பிகளிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. டாக்டர் 20 யூனிட் எழுதுகிறார். 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சுகர் இறங்காது. மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் 28 ஆக்குவார். அன்று மாலை டியூட்டிக்கு வரும் நர்ஸ் சரியான சிவப்பு சிரிஞ்சை எடுத்து முழு 28 யூனிட்டையும் போடுவார். நோயாளி வியர்த்து மயங்குவார். மெமோ யாருக்குப் போகும்? சரியாகச் செய்தவருக்கு! உங்கள் அனுபவசாலி நர்ஸுக்கும் இதுதான் நடந்திருக்கிறதா என்று முந்தைய இரண்டு நாள் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள்.

தலைகீழாக நடந்தால் உடனே ஆபத்து. 100 குப்பியிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் 25 யூனிட் போய்விடும். பேனா கார்ட்ரிட்ஜில் ஊசி குத்தி இழுப்பதை வார்டில் அடியோடு நிறுத்துங்கள்.

வார்டில் 40 குப்பியும் சிவப்பு சிரிஞ்சும் மட்டும் இருக்கட்டும். 100 குப்பி தவிர்க்க முடியாது என்றால் ஆரஞ்சு சிரிஞ்சோடு சேர்த்துத் தனி டிரேயில், தனி அலமாரியில். ஆர்டரில் ‘யூனிட்’ என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். ‘யு’ என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போட்டால் அது பூஜ்யம் போலத் தெரிந்து 4 என்பது 40 ஆகிவிடும். இரண்டு நர்ஸ் சரிபார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் சிரிஞ்சைக் காட்டி “இருபதுதானே சிஸ்டர்?” என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது, தலையாட்டல்தான் வரும். இரண்டாவது நர்ஸ் குப்பியையும் சிரிஞ்சையும் தானே படித்து அளவைச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ஆர்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, சாப்பாடு. ரெகுலர் இன்சுலினை 7.30க்குப் போட்டுவிட்டு இட்லி டிரே 9 மணிக்கு வந்தால் எந்த அளவும் தப்பான அளவுதான். கேன்டீனிலிருந்து டிராலி கிளம்பியது தெரிந்த பிறகு போடச் சொல்லுங்கள். சுகர் 70க்குக் கீழே போய், நினைவும் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பு வழியாக. நீண்ட நேர இன்சுலின் என்றால் மறுபடி இறங்கும், விடிய விடியப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திவிட்டால் விரலைப் பிழிந்து ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். சரியா?
(அம்மாபேட்டை)

பதில்: பிழியாதீர்கள், ஸ்பிரிட்டும் ஊற்ற வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ் முடித்திருக்கிறீர்களா என்பதை இன்றே பாருங்கள், குத்திய பிறகு அல்ல.

கேள்வி: 30 படுக்கை வார்டு. ஷிஃப்டுக்கு 5 பேர் வீதம் 15 நர்ஸ் கேட்டு வாங்கினோம். ஆனாலும் தினமும் யாராவது டபுள் டியூட்டி பார்க்கிறார்கள்.
(ஆத்தூர்)

பதில்: கணக்கு அங்கேயே தப்பு. வருடத்துக்கு 5 பேர், 3 ஷிஃப்ட், 365 நாள் என்றால் 5,475 டியூட்டி. ஒரு நர்ஸுக்கு வார விடுமுறை 52 நாள். கேஷுவல், மெடிக்கல், பண்டிகை எல்லாம் சேர்த்து இன்னொரு 38 நாள் என்று வையுங்கள். கையில் நிற்பது 275 நாள். 5,475ஐ 275ஆல் வகுத்தால் 20 பேர். அந்த 5 பேர் இல்லாத குறையைத்தான் டபுள் டியூட்டி அடைக்கிறது. மருந்துத் தவறுகள் எந்த ஷிஃப்டில் நடக்கின்றன என்று பதிவேட்டில் குறித்து வைத்து, இந்தக் கணக்கோடு சேர்த்து நிர்வாகத்திடம் கொடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சிறிய மருத்துவமனையில் வேலை. மூச்சுத் திணறல் நோயாளியைச் சேலத்துக்கு அனுப்பும்போது வழியில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுமோ என்று பயம். எப்படிக் கணக்கிடுவது?
(ஏற்காடு)

பதில்: பயம் நியாயமானது. ஆம்புலன்ஸில் வைக்கும் பி டைப் சிலிண்டர் 10 லிட்டர் கொள்ளளவு. கேஜ் காட்டும் எண்ணை 10ஆல் பெருக்கினால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் லிட்டரில் வரும். முழுசாக 150 காட்டினால் 1,500 லிட்டர். 60 காட்டினால் 600. பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடும்போது அந்த 600 ஒரு மணி நேரம்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, நகர டிராஃபிக்கைத் தாண்டி, கேஷுவாலிட்டியில் ஸ்ட்ரெச்சர் மாறும் வரை அதே சிலிண்டர்தான். அதனால் பயண நேரத்தை இரண்டால் பெருக்கிக் கொள்ளுங்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 1,200 லிட்டர், அதாவது கேஜ் 120க்குக் குறையாமல். இல்லையென்றால் இரண்டு சிலிண்டர். கோடை விழா நெரிசல் நாட்களில் எப்படியும் இரண்டு சிலிண்டர் வேண்டும். சிலிண்டரைத் திறக்கும் சாவியும் வண்டியிலேயே இருக்கட்டும். ஸ்பேர் சிலிண்டர் இருந்தும் ஸ்பானர் இல்லாமல் தவித்தால் என்ன பயன்?

வளைவுகளில் டிரிப்ஸ் சொட்டு மாறிக்கொண்டே இருக்கும். ஏற்ற இறக்கம் ஆகக்கூடாத மருந்தை சிரிஞ்ச் பம்ப்பில் போட்டு, சார்ஜைப் பார்த்துக் கிளம்புங்கள். நினைவு குறைந்த நோயாளி வாந்தி எடுப்பார் என்றே வைத்துக்கொண்டு சக்‌ஷன் கருவியை ஆன் செய்து பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

மூச்சுக்குழாய் போட்ட நோயாளி என்றால் இன்னும் ஒன்று. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, குழாயின் கஃபில் (குழாயைச் சுற்றிக் கசிவை அடைக்கும் சிறு காற்றுப் பை) உள்ள காற்று சுருங்கும். மேலே சரியாக இருந்த கஃப் கீழே கசியும். எச்சில் நுரையீரலுக்குள் போகும். பாதி வழியில் ஒரு முறை, அடிவாரத்தில் ஒரு முறை வண்டியை நிறுத்தி, கஃப் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்கிறதா என்று மானோமீட்டரில் பாருங்கள்.