கோடு இறங்கினால் பிள்ளைகள் சுயநலக்காரர்களா?

வாசகர் கேள்வி – பதில். மாணவர் குழுக்களின் ஒத்துழைப்பைக் காட்டும் வரைபடங்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு, கடலூரில் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நான்கு நான்கு பேராகப் பிரித்து, சுற்றுக்கு ஆளுக்கு 20 புளியங்கொட்டை கொடுத்தேன். விரும்பிய அளவைப் பொதுக் கிண்ணத்தில் போடலாம், மீதியைத் தானே வைத்துக்கொள்ளலாம். கையில் இருக்கும் கொட்டைக்கு ஒரு புள்ளி. கிண்ணத்தில் விழும் ஒவ்வொரு கொட்டைக்கும் நால்வருக்கும் தலா 0.4 புள்ளி. மொத்தம் பத்துச் சுற்று. சராசரியை வரைந்தால் கோடு சுற்றுக்குச் சுற்று இறங்குகிறது. ஆசிரியர்கள் அறையில் அதை ஒட்டி வைத்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம், “இந்தக் காலத்துப் பசங்க லட்சணம் இதுதான்” என்கிறார்கள். அப்படித்தான் படிக்க வேண்டுமா?

பதில்: இல்லை சார். கோடு இறங்காமல் நேராகப் போயிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். பல நாட்டுக் கல்லூரிகளில் இந்த விளையாட்டை ஆடிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் பாதிக்குப் பக்கத்தில் தொடங்கிப் போகப்போகச் சரியும். 1980களில் ஆடிய மாணவர்களுக்கும் இதே கதைதான். அவர்களில் பலர் இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற வயதில் இருப்பார்கள். ஆகவே “இந்தக் காலத்துப் பசங்க” என்பதை உங்கள் ஆசிரியர்கள் அறை மறந்துவிடலாம்.

முதலில் விளையாட்டின் கணக்கைப் பாருங்கள். நால்வரும் 20 போட்டால் கிண்ணத்தில் 80, ஆளுக்கு 32 புள்ளி. யாருமே போடாவிட்டால் ஆளுக்கு 20. மூவர் முழுசாகப் போட்டு, ஒருவன் மட்டும் கையை மூடிக்கொண்டால் மூவருக்கும் 24, அவனுக்கு 44. சேர்ந்து போட்டால் எல்லோருக்கும் லாபம், ஒதுங்கி நின்றால் எனக்கு மட்டும் அதைவிட லாபம். விளையாட்டின் முடிச்சே அதுதான்.

இப்போது ஒரு பேச்சுக்கு ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். ஒருவன் எப்போதும் போடுவதில்லை. மற்ற மூவர் முதல் சுற்றில் 16 போடுகிறார்கள். குழுவின் சராசரி 12. அடுத்த சுற்றில் மூவரும், “நம்ம குழு 12தானே போட்டது” என்று 12 போடுகிறார்கள். சராசரி 9 ஆகிறது. அப்புறம் 9 போட, சராசரி 6.75. நான்காவது சுற்றில் 5க்கு வந்துவிடும். (புளியங்கொட்டையைக் கால்வாசியாக உடைக்க முடியாதுதான், கணக்குக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.) கோடு 12லிருந்து 5க்குச் சரிந்துவிட்டது. ஆனால் அந்தக் குழுவில் சுயநலக்காரன் ஒருவன்தான். மற்ற மூவரும் குழு போட்ட அளவுக்குக் குறையாமல்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கத்து மொய் நோட்டு இப்படித்தானே ஓடுகிறது? நம் வீட்டு விசேஷத்துக்கு அவர் 500 எழுதியிருந்தால் நாமும் 500க்குக் குறைக்க மாட்டோம். எழுதாதவர் வீட்டுக்குப் போக யோசிப்போம். அதை யாரும் சுயநலம் என்று சொல்வதில்லை.

இது என் ஊகம் மட்டுமில்லை. உர்ஸ் ஃபிஷ்பாகர், சைமன் கேச்டர், எர்ன்ஸ்ட் ஃபேர் மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் 44 மாணவர்களிடம், “மற்றவர்கள் இவ்வளவு போட்டால் நீ எவ்வளவு போடுவாய்?” என்று ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் மற்றவர்கள் கூட்டினால் தாங்களும் கூட்டுகிறவர்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான் என்ன ஆனாலும் போடாதவர்கள். அதற்கு முன்பே, 1988இல், ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி வேறொன்று செய்து பார்த்தார். பத்துச் சுற்று முடிந்ததும், “மறுபடி முதலிலிருந்து ஆடுவோம்” என்றார். தரையைத் தொடப் போன கோடு திரும்ப மேலே ஏறியது. பத்துச் சுற்றில் சுயநலத்தைக் கற்றுத் தேர்ந்துவிட்டார்கள் என்றால் அது ஏறியிருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த ஒற்றைக் கோட்டைக் கிழித்துவிட்டு, குழுவுக்கு ஒரு மெல்லிய கோடாக வரையுங்கள். எங்கேயாவது ஒரு குழு 18இலேயே நின்றிருக்கும், இன்னொன்று மூன்றாம் சுற்றிலேயே விழுந்திருக்கும். சராசரிக் கோடு போன வழியில் ஒரு குழுகூடப் போகாமல் இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இன்னொன்று: பத்தாவதுதான் கடைசிச் சுற்று என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா? தெரிந்தால் கோட்டின் கடைசிப் புள்ளி இன்னும் கீழே இறங்கும், அதைப் பெரிதுபடுத்தாதீர்கள். கிண்ணத்துக்கு மூடி இருந்ததா என்பதையும் படத்துக்குக் கீழே எழுதி வையுங்கள். பக்கத்துப் பையன் பார்க்கும்போது போடுவது வேறு, யாரும் பார்க்காதபோது போடுவது வேறு.

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு மலரில், “அ பிரிவைவிட ஆ பிரிவு மூன்று மடங்கு ஒத்துழைப்பு” என்று ஒரு பட்டை வரைபடம் போட்டிருக்கிறார்கள். பட்டையும் மூன்று மடங்கு உயரம்தான். ஆனால் எண்கள் 15, 17 என்று இருக்கின்றன. எனக்குப் புரியவில்லை. – வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: செங்குத்து அச்சு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 14ஆக இருக்கும். 14க்கு மேல் ஒன்று, 14க்கு மேல் மூன்று, அதுதான் அந்த மூன்று மடங்கு. பட்டை வரைபடம் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். கணினி தானாகவே இப்படி வரைந்து தள்ளிவிடும், திருத்துவது நம் வேலை.

கேள்வி: பரங்கிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன், முதுகலை மாணவி. வகுப்பில் 16 ஊர்களின் மாணவர்களை ஒப்பிட்டு ஒரு படம் காட்டினார்கள். “சமூக விரோதத் தண்டனை” என்ற தலைப்பில் பாஸ்டனுக்குப் பட்டை குட்டை, மஸ்கட்டுக்கு மிக நீளம். என் அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். போனில் சொன்னேன், “இங்கே வந்து பார்த்துவிட்டுப் பேசச் சொல்” என்று கோபப்பட்டார். படம் என்ன சொல்கிறது?

பதில்: அண்ணன் கோபம் நியாயமானது, தங்கச்சி. ஆனால் படமும் பொய் சொல்லவில்லை. படிக்கிறவர்கள்தான் அதன் வாயில் வார்த்தையைத் திணிக்கிறார்கள்.

அது பெனெடிக்ட் ஹெர்மன், கிறிஸ்டியன் தோனி, சைமன் கேச்டர் மூவரும் 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வு. மேலே சொன்ன அதே நால்வர் விளையாட்டு, அதே 20, அதே 0.4. கூடவே ஒரு விதி: சுற்று முடிந்ததும் யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியும். உன் காசில் ஒன்றைச் செலவழித்தால் இன்னொருவர் காசில் மூன்றைக் குறைக்கலாம். யார் யாரைக் குறைத்தார்கள் என்பது மட்டும் தெரியாது. போடாதவனைத் தண்டிப்பார்கள், அவன் திருந்துவான் என்றுதானே நினைப்போம்? அப்படித்தான் பல ஊர்களில் நடந்தது. சில ஊர்களில், தன் அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ போட்டவர்களையும் தண்டித்தார்கள். நீ பார்த்த நீளப் பட்டை அதுதான். முந்தின சுற்றில் அடி வாங்கியவன், “அந்த நல்ல பிள்ளைதான் என் காசைக் குறைத்திருக்கும்” என்று திருப்பிக் கொடுத்ததும் அதில் உண்டு. அந்தப் படத்தின் மறுபாதியைக் காட்டினார்களா? குறைவாகப் போட்டவர்களைத் தண்டிப்பதில் ஊருக்கு ஊர் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் நிறையப் போட்டவர்களைத் தண்டிப்பதில்தான்.

16 ஊரிலும் சேர்த்து ஆடியவர்கள் 1,120 பேர். ஊருக்குச் சராசரியாக 70 மாணவர்கள். எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள், முகம் தெரியாமல் கணினி முன்னால் உட்கார்ந்து ஆடினவர்கள். பட்டைக்குப் பக்கத்தில் “மஸ்கட்” என்று எழுதியிருப்பது இட நெருக்கடிக்காக. “மஸ்கட்டில் இந்த விளையாட்டை ஆடிய மாணவர் குழுக்கள்” என்று முழுசாக எழுத அங்கே இடம் கிடையாது. ஏதென்ஸ், ரியாத் பட்டைகளையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ஆய்வாளர்கள் அந்தந்த நாட்டின் சட்ட ஒழுங்கு, குடிமை வழக்கங்களோடு இதைத் தொடர்புபடுத்திப் பார்த்து, ஒட்டுறவு (ஒன்று மாறும்போது மற்றதும் சேர்ந்து மாறுவது) இருப்பதாகச் சொன்னார்கள். ஊருக்கு ஒன்றாக 16 புள்ளிகளில் தெரிகிற ஒட்டுறவை வைத்து உன் அண்ணன் தங்கியிருக்கும் தெருவில் யார் எப்படிப்பட்டவர் என்று சொல்ல முடியாது. இந்திய ஊர் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் நம்மவர்கள் இன்னும் நிதானமாகப் படித்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கேள்வி: புதுச்சேரியில் ஆய்வு மாணவன். 40 பேரை வைத்து நால்வர் விளையாட்டு நடத்தினேன். சராசரி எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோட்டைப் பற்றி வழிகாட்டி, “40க்குப் போடாதே, 10க்குப் போடு” என்கிறார். 30 பேரை ஏன் காணாமல் போக்குகிறார்?

பதில்: உங்கள் வழிகாட்டி சொல்வதுதான் சரி, தம்பி. ஒரே குழுவில் இருக்கும் நால்வர் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறுகிறார்கள். ஒருவன் குறைத்தால் மற்ற மூவரும் குறைக்கிறார்கள். அது நான்கு தனிச் சாட்சி ஆகாது, ஒரே சாட்சியை நான்கு தடவை கூப்பிட்ட மாதிரி. முதல் சுற்றுக்கு மட்டும் 40 என்று வைத்துக்கொள்ளலாம், அப்போது யாரும் யாரையும் பார்த்திருக்கவில்லை. இரண்டாம் சுற்றிலிருந்து 10 குழு, அவ்வளவுதான். பிழைக்கோடு நீளமானால் ஆகட்டும். வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வதைவிட அது மேல்.

கேள்வி: லாஸ்பேட்டையில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். “குழு வேலைக்கு யாரைச் சேர்த்துக்கொள்வாய்? இரண்டு பேர் எழுது” என்று 30 பிள்ளைகளிடமும் கேட்டு, அம்புக்குறி போட்டுப் படம் வரைந்தேன். நான்கு பிள்ளைகளுக்கு ஓர் அம்புகூட வரவில்லை. மனசு கேட்கவில்லை. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசட்டுமா?

பதில்: பொறுங்கள் அம்மா. இப்படிப் படம் வரையும் முறையைப் பரப்பியவர் ஜேகப் மொரீனோ. 1934இல் வந்த தன் புத்தகத்தில் பையன்களுக்கு முக்கோணம், பெண் பிள்ளைகளுக்கு வட்டம் போட்டு வகுப்பு வகுப்பாக வரைந்தார். படம் அருமையானதுதான், ஆனால் பார்த்தவுடன் மனசைக் கலக்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு, குலுக்கல் முறையில் இரண்டு பெயர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஒரு பிள்ளை இன்னொருவர் சீட்டில் விடுபடும் வாய்ப்பு 29க்கு 27. 29 பேர் சீட்டிலும் விடுபடும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 12, 13. முப்பது பேரில் அது கிட்டத்தட்ட நான்கு பேர்! உங்கள் வகுப்பில் வந்ததும் நான்கு. “இரண்டு பேர்” என்று நீங்கள் வைத்த வரம்பே அந்த நான்கைக் கொண்டுவந்திருக்கலாம். எல்லோருக்கும் மூன்றாவதாகப் பிடித்த பிள்ளைக்கும் இதில் அம்பு கிடைக்காது.

அதற்காக அந்த நால்வரைக் கவனிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து வரம்பு வைக்காமல் கேளுங்கள், கேள்வியையும் மாற்றுங்கள். குழு வேலைக்குக் கூப்பிடாத பிள்ளையைச் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் பக்கத்தில் உட்காரக் கூப்பிடலாம். அன்றைக்கு வராத பிள்ளை யார் என்றும் வருகைப் பதிவேட்டில் பாருங்கள், எதிரில் இல்லாதவர் பெயர் பல சமயம் ஞாபகத்துக்கு வராது. இரண்டு தடவையும், இரண்டு கேள்விக்கும், ஒரே பிள்ளை தனியாக நின்றால் அப்போது அந்தப் பிள்ளையிடம் முதலில் பேசுங்கள், பெற்றோரிடம் அப்புறம். படத்தை வகுப்பில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். பெயரை எடுத்துவிட்டு எண் போட்டாலும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அரை மணியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.