புது வீட்டில் மணல் தட்டைத் தவிர்க்கும் பூனை

புது வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்கள் பூனை, துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்த மணல் தட்டை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் சிறுநீர் கழிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தட்டை அந்த இயந்திரத்தின் பக்கத்திலிருந்து எடுத்து, கட்டிலுக்கு அருகிலேயே வையுங்கள். அது தவறாமல் தட்டுக்கு வரத் தொடங்கிய பிறகு, நாளுக்குச் சில அங்குலம் வீதம் நகர்த்தி நீங்கள் விரும்பும் மூலைக்குக் கொண்டுபோகலாம்.

வீடு மாறிப் பத்து நாட்களாகியும் இப்படியே தொடர்கிறது என்றும், மாறும்போதே தட்டையும் மணலையும் புதிதாக வாங்கினீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. தன் வாசனை எங்குமே இல்லாத வீட்டில், காலுக்குப் பழகாத மணலும், திடீரென அதிரும் இயந்திரமும் சேர்ந்தால், பூனை ஒதுங்கிய இருட்டைத் தேடுவது இயல்பே. இதைப் பிடிவாதம் என்று கருதித் திட்டினால் பயம்தான் கூடும்.

சோதித்துப் பார்க்க, மூடியில்லாத இன்னொரு தட்டில் பழைய வகை மணலை இட்டு, இரண்டையும் சில நாட்கள் அருகருகே வைத்து, எதை நாடுகிறது என்று கவனியுங்கள். நனைந்த இடத்தை நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். ஃபினாயில் வேண்டாம், ஃபீனால் வகைப் பொருட்கள் பூனைக்கு நஞ்சு.

ஒன்று மட்டும்: அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அல்லது இரத்தம் கலந்திருந்தால், இவற்றையெல்லாம் விட்டுவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைபட்டால் ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும்.